பைன் ஊசியில் ராகி மணியைவிடச் சிறிய கிண்ணம்: நுண்ணோக்கி வைத்து அடையாளம் காண ஒரு வழிகாட்டி

தளி பக்கம் ஒரு பண்ணை வீட்டில் ஐந்தாறு பைன் மரங்கள் நிற்கின்றன. ஊட்டியைப் பார்த்து ஆசைப்பட்டு யாரோ நட்டவை. மழை விட்ட ஒரு காலையில் அதன் அடியில் மண்டியிட்டு லென்ஸ் வைத்துத் தேடிக்கொண்டிருந்தேன். காவல்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்ன சார், மோதிரம் ஏதாச்சும் தொலைச்சிட்டீங்களா?" என்றார். ஓர் ஊசியையும் லென்ஸையும் அவர் கையில் கொடுத்தேன். கண்ணை இடுக்கிப் பார்த்தவர், "அட, கிண்ணங் கிண்ணமா இருக்குதே!" என்றார்.

அவர் பார்த்தது கிண்ணப் பூஞ்சைகளை, அதாவது கிண்ணம்போன்ற உருவில் ஊசிமேல் வளரும் மிகச் சிறிய பூஞ்சைகளை. கண்டுபிடிப்பது அவ்வளவு சுலபம்தான். பெயர் சொல்வதுதான் கஷ்டம். வெள்ளையாக, அரை மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கும் இரண்டு கிண்ணங்கள் வெறுங்கண்ணுக்கு அச்சடித்ததுபோல ஒன்றாகத் தெரியும். நுண்ணோக்கியில் இரண்டும் வேறு வேறு குடும்பம் என்று வரும். கல்லூரியில் இருப்பது போன்ற சாதாரண நுண்ணோக்கி, ஒரு சவரப் பிளேடு, நான்கைந்து சிறு பாட்டில்கள், இவற்றோடு வீட்டு மேசையிலேயே இந்த வேலையைச் செய்யலாம். அந்தப் பாட்டில்களை எந்த வரிசையில் திறப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் அதற்குத்தான் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் மரம்

எந்த மரத்தின் ஊசி என்று தெரியாமல் பூஞ்சையைத் தொடாதீர்கள். இந்தக் கூட்டத்தில் பல இனங்கள் ஒரே ஒரு மரப் பேரினத்தைத்தான் பிடித்துக்கொண்டு வாழ்கின்றன. மரம் தெரிந்தாலே தேடல் பாதியாகக் குறைந்துவிடும்.

நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் பைன் தானாக வளர்வதில்லை. தென்னிந்திய மலைகளுக்குச் சொந்தமான ஒரே கூம்பு மரம் நாகெயா வாலிச்சியானா. அது இருப்பது மேற்குத் தொடர்ச்சி மலையில், அதன் இலையும் ஊசியாக இருக்காது, அகன்ற பட்டையாக இருக்கும். ஆகவே இங்கே நமக்குக் கிடைப்பதெல்லாம் நட்டு வளர்த்தவைதான். சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி வட்டாரத்துத் தோட்டங்களில் பைன், கிறிஸ்துமஸ் மரம் என்று விற்கிற அரௌகாரியா, வேலியோரத் துஜா ஆகியவற்றைப் பார்க்கலாம். துஜா என்று நர்சரியில் கொடுப்பது பெரும்பாலும் பிளாட்டிகிளாடஸ் ஓரியன்டாலிஸ். பழைய பெயர் துஜா ஓரியன்டாலிஸ். அதன் இலை செதில் செதிலாக இருக்கும்.

பைன் என்றால், ஒரு கொத்தில் எத்தனை ஊசி என்று எண்ணுங்கள். அடியில் மெல்லிய உறையோடு இரண்டு, மூன்று அல்லது ஐந்து ஊசிகள் சேர்ந்திருக்கும். நீலகிரியில் நட்ட பைனஸ் பட்டுலாவில் பெரும்பாலும் மூன்று, நீண்டு தொங்கும். இமயமலையின் சிர் பைனிலும் மூன்றுதான். ஐந்து இருந்தால் வேறு இனம். எண்ணிக்கையை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்தபின் உதிர்ந்த ஊசியை வைத்துச் சொல்ல முடியாது.

சவுக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானே ஏமாந்திருக்கிறேன். சவுக்கு ஊசியிலை மரமே அல்ல, பூக்கும் தாவரம். ஊசி என்று நாம் சொல்வது அதன் மெல்லிய பச்சைக் கிளை. இழுத்தால் கணுக் கணுவாகக் கழன்று வரும், ஒவ்வொரு கணுவிலும் பல் பல்லாகச் சின்ன இலைகள் தெரியும். அதிலும் கிண்ணப் பூஞ்சை வரும், கை பழகுவதற்கு அருமையான பொருள். ஆனால் பைன் பூஞ்சைகளின் திறவுகோலை, அதாவது கேள்வி கேள்வியாகக் கேட்டுப் பெயருக்குக் கொண்டுபோகும் பட்டியலை, அதன்மேல் போட்டால் தப்பான பெயருக்குத்தான் போய்ச் சேருவீர்கள்.

தேடுவதும் எடுத்துவருவதும்

ஆடிக் காற்று அடங்கி மழை தொடங்கியதிலிருந்து மார்கழிப் பனி வரை நல்ல காலம். ஒரு மழை பெய்த மறுநாள் போகாதீர்கள். நான்கைந்து நாள் ஈரம் தொடர்ந்தபின் போங்கள். மேலே கிடக்கும் செந்நிற ஊசிகளில் அதிகம் இருக்காது. கையால் விலக்கி, அடியில் கருத்து ஈரமாகப் படிந்திருக்கும் அடுக்கைப் பாருங்கள். மரத்திலேயே தொங்கும் காய்ந்த ஊசிகளையும் தனியாக எடுங்கள். உயிருள்ள இலையில் நுழைந்து அதைக் கொல்லும் பூஞ்சைகள் அங்கே இருக்கும், தரையில் இருப்பவை பெரும்பாலும் மட்கவைப்பவை.

தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். காட்டுக்குள் என்றால் வனத்துறை அனுமதி வேண்டும். இரண்டு மாவட்டங்களிலும் பரவிக்கிடக்கும் காவிரி வடக்கு வன உயிரின சரணாலயம் 2014இல் அறிவிக்கப்பட்டது, அங்கே ஒரு காய்ந்த ஊசியைக்கூட அனுமதியில்லாமல் எடுக்கக்கூடாது. போதாததற்கு தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் யானை நடமாட்டம் உண்டு. தரையையே பார்த்து நடக்கிற ஆளுக்கு அது நல்ல ஊர் அல்ல.

ஊசிகளை நெகிழிப் பையில் அடைத்தால் மூன்றாம் நாள் பச்சைப் பூசணம்தான் மிஞ்சும். சோப்பு டப்பா அல்லது சின்னச் சாப்பாட்டு டப்பாவில் பிழிந்த டிஷ்யூ தாளை விரித்து, ஊசிகளை முழுசாக வைத்து மூடுங்கள். ஒரு டப்பாவில் ஒரு மரம். வீட்டுக்கு வந்ததும் குளிர்சாதனப் பெட்டியில் கீழ்த் தட்டில் வைத்தால் ஒரு வாரம் வரை பெரும்பாலும் உயிரோடு இருக்கும். "இது என்ன, முடியா?" என்று வீட்டில் கேட்பார்கள். முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பத்து மடங்கு லென்ஸில்

நுண்ணோக்கிக்கு அவசரப்படாதீர்கள். கிண்ணத்தைச் சிதைத்தபின் அதன் தோற்றம் திரும்பக் கிடைக்காது. ஈரமாக ஒருமுறை, அரைமணி நேரம் காயவிட்டு இன்னொருமுறை பாருங்கள். குறுக்களவு எவ்வளவு? காம்பு உண்டா, ஊசிமேல் அப்படியே உட்கார்ந்திருக்கிறதா? விளிம்பிலும் வெளிப்புறத்திலும் ரோமம் உண்டா, வழவழப்பா? தட்டின் (கிண்ணத்தின் உட்பரப்பு) நிறமும் வெளிப்புற நிறமும் ஒன்றா? ஊசியின் தோலைக் கிழித்துக்கொண்டு வருகிறதா, மேலேயே முளைத்ததா? காய்ந்ததும் மூடிக்கொள்கிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பலர் பதில் எழுதுவதில்லை. ரோமக் கிண்ணங்கள் பல காய்ந்ததும் பொட்டலம்போல மூடிக்கொண்டு வெள்ளைப் பொட்டாகிவிடும்.

இங்கேயே ஒன்றைக் கழித்துவிடலாம். ஊசியில் குறுக்கே மெல்லிய கறுப்புக் கோடுகள், கோடுகளுக்கு நடுவே நீளவாக்கில் கறுத்த, பளபளப்பான, நெல்போன்ற புள்ளிகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கீறல். இது லோஃபோடெர்மியம். கிண்ணமாகத் திறக்காது, உதடுபோல வாய் பிளக்கும். கோடுகள் நிறைய இருந்தால் லோஃபோடெர்மியம் பினாஸ்ட்ரியை முதலில் சந்தேகிக்கலாம். கிண்ணப் பூஞ்சைகளுக்கு உறவுதான், ஆனால் வடிவம் வேறு. இதன் வித்து (பூஞ்சை பரவுவதற்கு விடும் நுண்துகள், ஸ்போர்) நூல்போல நீண்டு 100 மைக்ரான் அளவுக்குப் போகும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

அளவுகோல் சரியில்லையென்றால் எல்லாம் வீண்

கண்வில்லைக்குள் வைக்கும் அளவுகோலுக்குத் தனியாக மதிப்பு ஏதும் கிடையாது. ஒவ்வொரு பொருள்வில்லைக்கும் அதைச் சரிபார்க்க வேண்டும். ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் என்ற கண்ணாடித் தகட்டில் 1 மில்லிமீட்டரை 100 பாகமாகப் பிரித்திருப்பார்கள், ஒரு பாகம் 10 மைக்ரான். 40 மடங்கு வில்லையில் கண்வில்லையின் 100 கோடுகள் ஸ்டேஜின் 25 பாகத்தோடு பொருந்தினால், 250 மைக்ரானை 100 கோடாகப் பிரித்தது: ஒரு கோடு 2.5 மைக்ரான். 100 மடங்கு எண்ணெய் வில்லைக்கும் இதேபோல் செய்து, இரண்டு எண்ணையும் நுண்ணோக்கியின் கழுத்தில் ஒட்டிவைத்துவிடுங்கள். தகடு விலை அதிகமென்றால் பக்கத்துக் கல்லூரியில் ஒரு மணி நேரம் கடன் வாங்கினால் போதும், ஒருமுறை செய்தால் அந்த நுண்ணோக்கிக்கு அதுவே நிரந்தரம்.

செல்போனில் படமெடுத்து அளப்பவர்கள், எடுக்கும்போது ஜூம் செய்யாமல் ஒரே நிலையில் எடுக்க வேண்டும். ஜூமைத் தொட்டால் சரிபார்த்த எண் செல்லாது.

தண்ணீர்தான் முதல் பாட்டில்

கல்லூரியில் எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்று: பூஞ்சையா, லாக்டோஃபீனால் காட்டன் ப்ளூவில் போடு. நானும் முதல் இரண்டு வருடம் எல்லாவற்றையும் அதில்தான் போட்டேன். நீல நீலமாக அழகாகத்தான் இருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, அடையாளத்துக்கு வேண்டியதில் பாதியை நானே முதல் நிமிடத்தில் கொன்றிருக்கிறேன் என்று. ஃபீனாலும் அமிலமும் பட்டதும் செல்கள் செத்துவிடும். செல்லுக்குள் இருந்த எண்ணெய்த் துளிகள் கலங்கி ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். வித்துகள் அடங்கிய ஆஸ்கஸ் பைகள் சுருங்கிவிடும். ஜெர்மன் ஆய்வாளர் ஹான்ஸ்-ஓட்டோ பரல் 1992இல் வெளியிட்ட நீண்ட கட்டுரை இதைத்தான் வற்புறுத்தியது: கிண்ணப் பூஞ்சையை உயிரோடு, தண்ணீரில் பார்த்து விவரியுங்கள், செத்த மாதிரியின் அளவுகளோடு அதைக் குழப்பாதீர்கள்.

ஆனால் எந்தத் தண்ணீர்? நம் மாவட்டங்களில் போர்த் தண்ணீர் கடினம். ஃப்ளோரைடு சிக்கலுக்காக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த ஊர்கள் இவை. அந்தத் தண்ணீர் ஸ்லைடில் கொஞ்சம் காய்ந்தால் உப்புப் படிகம் பூக்கும், புதிதாகப் பார்ப்பவர் அதை ரோமத்தின் மேலிருக்கும் படிகம் என்று எழுதிவைப்பார். இன்வெர்ட்டருக்கு ஊற்றும் பேட்டரி வாட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், அது வடித்த அல்லது உப்பு நீக்கிய நீர், இங்கே வடிநீர் என்றே சொல்கிறேன். கடையில் கேட்கும்போது ஆசிட் இல்லை, வாட்டர் என்று அழுத்திச் சொல்லுங்கள்.

ஸ்லைடில் ஒரு சொட்டு வடிநீர். இன்சுலின் சிரிஞ்சின் முனையால் ஒரு முழுக் கிண்ணத்தைப் பெயர்த்துச் சொட்டில் விடுங்கள். அரை மில்லிமீட்டரை நெருங்கினால் இரண்டாக, நான்காக வெட்டி ஒரு துண்டை மட்டும் எடுங்கள். கவர்ஸ்லிப்பை ஒரு பக்கம் சாய்த்து மெதுவாக இறக்கி, பென்சிலின் ரப்பர் முனையால் லேசாகத் தட்டுங்கள். அமுக்காதீர்கள், தட்டுங்கள். பைகள் விசிறிபோல விரிய வேண்டும், கூழாகக்கூடாது. ஸ்லைடுக்குக் கீழே ஒளியைக் குவிக்கும் கண்டென்சரின் துவாரத்தைப் பாதிக்கு மேல் மூடுங்கள். நிறமில்லாத செல்கள் அப்போதுதான் ஓரம் கட்டித் தெரியும். ஸ்லைடில் ஒன்றுமே இல்லை என்று புகார் சொல்பவர்களில் பெரும்பாலோர் துவாரத்தை முழுக்கத் திறந்து வைத்திருப்பார்கள்.

இப்போது உட்கார்ந்து பாருங்கள். நீண்ட உருளைப் பைகள்தான் ஆஸ்கஸ். உள்ளே பொதுவாக எட்டு வித்துகள். உயிருள்ள முதிர்ந்த பை, பக்கத்திலுள்ள மலட்டு இழைகளைவிட உயரமாக நீட்டிக்கொண்டு நிற்கும். செத்துச் சுருங்கியபின் இழைகள்தான் உயரமாகத் தெரியும். "பாராஃபைசிஸ் ஆஸ்கஸைவிட நீளம்" என்று பழைய விவரணைகளில் வரும்போது, பார்த்தது உயிருள்ளதா காய்ந்ததா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

அந்த மலட்டு இழைகளே பாராஃபைசிஸ். அவற்றின் நுனி ஈட்டிபோலக் கூர்மையா, நூலா, குமிழா? உள்ளே என்ன இருக்கிறது? சிலவற்றில் நீண்ட, கண்ணாடிபோல ஒளியை வளைக்கும் வாக்குவோல் (செல்லுக்குள் இருக்கும் நுண்பை) பொருள் செல் முழுக்க நிரம்பியிருக்கும். இது உயிரோடு இருக்கும்போது மட்டும்தான் தெரியும். கிரெசில் ப்ளூ சாயத்தின் நீர்த்த சொட்டு அதை நீலமாக்கும். ரத்தப் பரிசோதனை லேப்களில் இளம் சிவப்பணு எண்ண வைத்திருக்கும் அதே பிரில்லியன்ட் கிரெசில் ப்ளூதான், ஆனால் அவர்கள் உப்புக் கரைசலில் கலந்திருப்பார்கள். நமக்குத் தூளாக வாங்கி வெறும் நீரில் கரைத்ததுதான் வேண்டும்.

வித்தில் எண்ணெய்த் துளிகளைக் கவனியுங்கள்: இரு முனையிலும் ஒவ்வொன்றா, பொடிப்பொடியாக நிறையவா, அறவே இல்லையா? குறுக்குச் சுவர் உண்டா? பைக்கு வெளியே கிடக்கும் வித்தைத்தான் நம்ப வேண்டும், உள்ளிருப்பது முதிராததாக இருக்கலாம். நல்ல வித்துக்கு ஒரு வழி: கிண்ணமுள்ள ஊசியை ஸ்லைடில் வைத்து, இரண்டு தீக்குச்சித் துண்டுகள்மேல் கவர்ஸ்லிப்பை ஊசிக்குச் சற்று மேலே நிற்கும்படி வைத்து, ஈர டப்பாவில் மூடி இரவு முழுக்க விடுங்கள். காலையில் கவர்ஸ்லிப்பின் அடியில் வெள்ளையாகப் பனிபோலப் படிந்திருந்தால், அத்தனையும் பூஞ்சை தானே சுட்டு வெளியேற்றிய முதிர்ந்த வித்து.

ரோமக் கிண்ணமென்றால் ரோமத்துக்கு மட்டும் தனியாக அரைமணி நேரம் ஒதுக்குங்கள். வழவழப்பா, உப்புத் தூவியதுபோல மணிமணியா, நுனியில் மட்டும் முள்ளா, கொக்கிபோல வளைந்ததா, உள்ளே ஒளிவளைக்கும் பொருள் உண்டா, நுனியில் பிசின் உண்டா? அந்தப் பிசினும் படிகமும் பல சாயங்களில் கரைந்துவிடும். தண்ணீரில் பார்க்காவிட்டால் இல்லை என்றே எழுதிவிடுவீர்கள்.

அயோடினும் அதன் வில்லங்கமும்

பையின் நுனியில், வித்து வெளியேறும் துளையைச் சுற்றி ஒரு சிறு வளையம் இருக்கும். அது அயோடினில் நீலமாகுமா என்பது முக்கியமான அடையாளம். இதில்தான் ஆட்கள் அதிகம் வழுக்குகிறார்கள்.

பூஞ்சைப் புத்தகங்கள் பல, மெல்சர் என்ற அயோடின் கரைசலைச் சொல்லும். அதில் குளோரல் ஹைட்ரேட் உண்டு, வாங்குவதும் சிரமம். அதைவிடப் பெரிய சிக்கல், சில வளையங்கள் வெறும் அயோடினில் செங்கல் சிவப்பாகும். முதலில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தைக் காட்டிவிட்டுப் பிறகு அயோடின் விட்டால் நீலமாகும். மெல்சர் அந்தச் சிவப்பை மறைத்துவிடும். பார்ப்பவர் "நிறமில்லை" என்று எழுதிவிடுவார். லூகோல் என்ற இன்னொரு அயோடின் கரைசலில் இந்தத் தொல்லை இல்லை, அதனால் லூகோலையே வைத்துக்கொள்ளுங்கள்.

5 சதவீத அயோடினும் 10 சதவீதப் பொட்டாசியம் அயோடைடும் உள்ள கெட்டி லூகோல் கிடைத்தால், ஒரு பங்குக்கு நான்கு பங்கு வடிநீர் சேருங்கள். கல்லூரி லேபில் இருக்கும் கிராம் அயோடின் இன்னும் நீர்த்தது: 1 கிராம் அயோடின், 2 கிராம் பொட்டாசியம் அயோடைடு, 300 மில்லி நீர். அவசரத்துக்கு அதுவும் உதவும். காயத்துக்குப் போடும் போவிடோன் அயோடின் வேண்டாம், அது வேறு பொருள்.

முதல் ஸ்லைடு: தண்ணீரில் இருக்கும் மாதிரியின் கவர்ஸ்லிப் ஓரத்தில் ஒரு சொட்டு லூகோல் விட்டு, எதிர் ஓரத்தில் டிஷ்யூ துண்டை வைத்து உறிஞ்சுங்கள். கரைசல் உள்ளே ஊர்ந்து போகும். எண்ணெய் வில்லையில் பை நுனியை மட்டும் பாருங்கள். முதிராத பைகளின் உட்பொருள் முழுதும் செம்பழுப்பாகும், அது கிளைகோஜன். அதைப் பார்த்து "சிவப்பு" என்று குறித்துவிடாதீர்கள். நுனியில் இரண்டு சின்னப் புள்ளிகள்போல அல்லது மோதிரம்போலத் தெரிவதுதான் நமக்கு வேண்டியது.

இரண்டாம் ஸ்லைடு: புதுக் கிண்ணம், 5 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஒரு நிமிடம், பிறகு நீரால் நன்றாகக் கழுவி, அதன்பின் லூகோல். கழுவாமல் விட்டால் காரம் அயோடினை நிறமிழக்கச் செய்து, எல்லாம் "இல்லை" என்று வரும். இரண்டிலும் நீலம், இரண்டிலும் இல்லை, முதலில் சிவப்பு பிறகு நீலம் என்று மூன்றில் ஒன்றைத் தேதியோடு எழுதுங்கள்.

காரக் கரைசலை முதலில் விடும்போதே ஒன்றைக் கவனித்துவிடலாம். சில கிண்ணங்களில் பாராஃபைசிஸிலிருந்து மஞ்சள் நிறம் கசியும். சாம்பல் நிறத் தட்டையான மொல்லிசியா கூட்டத்தில் இதைப் பார்க்கலாம். நான்கைந்து நொடியில் கலைந்துவிடும், கண்ணை எடுத்தால் போச்சு. அந்தக் கரைசல் பொருள்வில்லையின் கண்ணாடியையும் அரிக்கும், 40 மடங்கு வில்லை அதில் தோய்ந்தால் உடனே துடையுங்கள்.

சாயம், பிறகு வெட்டு

இனி மாதிரி செத்தாலும் கவலையில்லை. காங்கோ ரெட் 1 சதவீதம் செல் சுவர்களைச் சிவப்பாக்கிக் காட்டும். காரத்தில் ஊறிய துண்டைக் கழுவி இதில் போட்டால் பையின் அடிப்பகுதி தெளியும். அங்கே கொக்கிபோல ஒரு வளைவு, க்ரோசியர், இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பேரினத்துக்குள் இரண்டு இனங்களைப் பிரிக்கச் சில சமயம் இது ஒன்றுதான் மிஞ்சும். நான் ஒரு பையைப் பார்த்து முடிவு சொல்வதில்லை, பத்தாவது பையைப் பார்த்தபின்தான். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், காங்கோ ரெட் தோலுக்கு ஆகாது, சட்டையிலிருந்தும் போகாது.

குறுக்குவெட்டு எடுப்பதைக் கேட்டதும் பலர் பயந்துவிடுகிறார்கள். மாலை, பொம்மை செய்கிற நெட்டி இருக்கிறதே, அதில் ஒரு துண்டு வாங்கிக்கொள்ளுங்கள். நடுவில் பிளந்து, கிண்ணமுள்ள ஊசித் துண்டை இடையில் செருகி, நனைத்துப் பிடித்து, புதுச் சவரப் பிளேடால் தன்னை நோக்கி இழுத்து மெல்லிய சீவல்கள் எடுங்கள். இருபது சீவினால் இரண்டு தேறும். எனக்கும் அவ்வளவுதான் தேறுகிறது.

வெட்டில் பார்க்க வேண்டியது கிண்ணத்தின் வெளிச் சுவர். செல்கள் செங்கல் அடுக்கியதுபோல நீள்சதுரமா, கோலிக்குண்டுபோல உருண்டையா, பல கோணமா, நூலாகப் பின்னியதா? சுவர் தடித்துக் கூழ்போல இருக்கிறதா? நிறம் பழுப்பா, இல்லையா? வெட்டு சரியாக வராவிட்டால், முழுக் கிண்ணத்தைக் கவிழ்த்துப்போட்டு வெளிப்புறத்தைப் பார்த்தாலும் ஓரளவு தெரியும்.

அளக்கும்போது

குறைந்தது 20 வித்துகள், முடிந்தால் 30, குறைந்தது இரண்டு கிண்ணங்களிலிருந்து. அழகாகப் படுத்திருப்பதை மட்டும் பொறுக்காமல், பார்வைக்கு வரும் முதிர்ந்த வித்துகளை வரிசையாக அளங்கள். தண்ணீரில் அளந்ததா, வேறு கரைசலிலா என்று அடியில் எழுதுங்கள். அது இல்லாத அளவை வைத்து யாரும் எதையும் ஒப்பிட முடியாது. அரிதாக வரும் மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் அடைப்புக்குள் தனியாகப் போடுவது வழக்கம். 100 மடங்கு எண்ணெய் வில்லையாலும் கால் மைக்ரானுக்குக் கீழே பிரித்துப் பார்க்க முடியாது, ஆகவே அகலம் 1.73 மைக்ரான் என்று எழுதுவது வெறும் ஜம்பம்.

பெயரை நோக்கி

இதுவரை எழுதிய குறிப்புகளை வைத்துக்கொண்டு இப்போதுதான் பெயர் பக்கம் திரும்ப வேண்டும். முழுத் திறவுகோல் இங்கே அடங்காது, அடிக்கடி எதிர்ப்படும் திருப்பங்களை மட்டும் சொல்கிறேன்.

காலியான பையின் நுனியைப் பாருங்கள். டப்பா மூடிபோல ஒரு பக்கம் திறந்து தொங்கினால் பெசிசாலிஸ் வரிசை. ஊசியில் அப்படிப்பட்டவை குறைவு. பைன் ஊசிக் குப்பையில் சில மில்லிமீட்டர் அகலமாக, கறுத்த முள்முடிகள் சுற்றிலும் தட்டுக்குள்ளேயும் நிற்கும் ஒன்றைக் கண்டால் டெஸ்மாசியரெல்லா அசிகோலாவை நினையுங்கள். மூடியில்லாமல் துளை வழியாகத் திறந்திருந்தால், நம் வழக்கமான சிறு கிண்ணங்கள் அடங்கிய ஹெலோஷியாலிஸ் வரிசையும் அதன் சுற்றமும்.

வெள்ளை ரோமக் கிண்ணங்களில் முதல் கேள்வி பாராஃபைசிஸ். ஈட்டிபோலக் கூர்ந்து பைகளைத் தாண்டி நின்று, ரோமமும் மணிமணியாக இருந்தால் லாக்னம். ரோமம் மணிமணியாக இருந்தும் பாராஃபைசிஸ் வெறும் நூலாக, தட்டு ஆரஞ்சாக இருந்தால் லாக்னெல்லுலா. அது பெரும்பாலும் சுள்ளியிலும் பட்டையிலும்தான் வரும், உங்கள் "ஊசி" உண்மையில் ஒரு குச்சித் துண்டா என்று மறுபடி பாருங்கள். ரோமம் கட்டையாக, தலை பருத்து, நுனியில் மட்டும் சின்ன முட்களோடு இருந்தால் சிஸ்டெல்லா; பைன் ஊசிக்கென்றே சிஸ்டெல்லா அகூம் என்று ஓர் இனம் உண்டு. ரோம நுனி தூண்டில்போல வளைந்திருந்தால் ஹமாட்டோகாந்தோசைஃபா. இதைத் தண்ணீரில் பார்த்த அன்று நான் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன், யாருக்கும் என் அளவுக்கு உற்சாகம் வரவில்லை.

ஊசியின் தோலைக் கிழித்து, இரண்டு கதவு திறந்ததுபோல மடல்களுக்கு நடுவே வெளிர் மஞ்சளாகத் தெரிந்தால் சைக்ளனியூஸ்மா. வித்து நூல்போல நீளம். இது ஊசியை மஞ்சளாக்கி உதிர்க்கும் நோய்க் காரணி, தோட்டக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

துஜா, சைப்ரஸ் வகைச் செதில் இலைகளில் கரும்பச்சையாக, ஈரத்தில் கூழ்போல இருக்கும் கிண்ணம் குளோரோசைஃபாவாக இருக்கலாம். அதே குடும்பத்து மரங்களைத் தாக்கும் டிடிமாசெல்லா துஜினாவில் ஒரு வேடிக்கை, பைக்கு எட்டு வித்து இல்லை, இரண்டே இரண்டு. அதுவும் பழுப்பாக, சமமில்லாத இரண்டு அறைகளோடு. பைக்குள் எத்தனை வித்து என்று எண்ண வேண்டியது இதற்காகத்தான்.

மெழுகுத்துளிபோல ஒளி ஊடுருவும், ரோமமில்லாத, மிகச் சிறிய கிண்ணம்; பைகள் குட்டை, நுனி தட்டை, அயோடினில் நிறமில்லை, பாராஃபைசிஸ் நுனி குமிழ்; உயிருள்ள வித்துக்குள் ஒளிவளைக்கும் ஒரு சிறு உறுப்பு. இது ஆர்பிலியா. வித்துக்குள் இருக்கும் அந்த உறுப்பு, செத்ததும் காணாமல் போகும். சவுக்குப் பட்டையிலும் தேடிப் பாருங்கள். இதன் உறவினர்கள் சிலர் மண்ணில் கண்ணி வைத்து நூற்புழு பிடிப்பவர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அடக்கமாக இருங்கள். மேலே சொன்ன பெயர்களில் பல, ஐரோப்பாவில், அங்கே தானாக வளரும் மரங்களில் எடுத்தவற்றுக்கு வைத்தவை. நம் ஊரில் இருப்பது கொண்டுவந்து நட்ட பைன். அதில் வாழும் பூஞ்சை மரத்தோடு வந்ததாகவும் இருக்கலாம், இந்த மண்ணில் ஏற்கெனவே இருந்து புதுக் குப்பைக்குத் தாவியதாகவும் இருக்கலாம். எல்லா அடையாளமும் பொருந்தினாலொழிய இனப்பெயரை உறுதியாகப் போடாதீர்கள். "சிஸ்டெல்லா, அகூமுக்கு நெருங்கியது" என்று எழுதுவதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. 2012இல் பூஞ்சை இனங்களை அடையாளம் காட்டும் பொது பார்கோடாக முன்மொழியப்பட்ட ஐடிஎஸ் மரபணுப் பகுதியைப் படிக்க வாய்ப்புக் கிடைத்தால் நல்லது. ஆனால் ஒரே ஊசியில் நான்கு பூஞ்சை இருக்கும், எந்தக் கிண்ணத்தை அனுப்பினீர்கள் என்பதற்கு உங்கள் ஸ்லைடும் படமும்தான் சாட்சி.

காயவைத்து வைப்பது

பார்த்து முடித்த மாதிரியின் மிச்ச ஊசிகளை நிழலில், மின்விசிறிக்கு அடியில் காயவிடுங்கள். சித்திரை வெயிலில் மாடியில் போட்டால் வறுவல்தான். 40 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள். நன்றாகக் காய்ந்ததும் மடித்த தாள் உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். பூச்சி சந்தேகம் இருந்தால் அந்த டப்பாவை ஒரு வாரம் உறைபெட்டியில் வைத்து எடுங்கள். வித்தியாசமான ஏதாவது கிடைத்தால் புணேயில் அகர்கர் ஆய்வு நிறுவனத்தின் அஜ்ரேகர் பூஞ்சை உலர்தொகுப்பு இருக்கிறது. அனுப்புவதற்கு முன் எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள், பாதி மாதிரியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

உறைமேல் பென்சிலில் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் கலையும். என் பெட்டியில் மேலே இருக்கும் உறையில் இப்படி இருக்கிறது: "தளி 14. பைன், கொத்துக்கு 3 ஊசி, தரையில், அடி அடுக்கு. ஐப்பசி மழைக்குப் பின் ஆறாம் நாள். வெள்ளை, 0.3 மி.மீ., காய்ந்தால் மூடும். ரோமம் நுனியில் முள். அளந்த வித்துகள் 22, தண்ணீரில், உயிரோடு. லூகோல்: நீலம். காரத்துக்குப் பின் லூகோல்: நீலம். க்ரோசியர்: பார்க்கவில்லை, மறுபடி எடுக்கணும்." காவல்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அந்த மரத்தடியைக் கூட்டவேண்டாம் என்று.